ப்ளூ டாக்கெட் என்கிற பரம ஏழை

அன்புத் தங்கை ஓபலுக்கு,

கென்டக்கியிலிருந்து அக்கா வெர்னா எழுதுவது. சுரங்கம் தின்ற ஹார்லன் அத்தானின் முதுகைத் தவிர இங்கே சகலமும் சௌக்கியம். அங்கே ஒஹாயோவில் உன் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

"உங்களுக்குக் கஷ்டமா அக்கா?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். கேட்கலாமா அப்படி? நம் வீட்டில் எவராவது எவரிடமாவது கை நீட்டியதுண்டா? நான் ஊருக்குக் கொடுக்கிற ஆள். வியாழக்கிழமைதோறும் தேவாலயத்து அடித்தளத்தில் ஏழைகளுக்கு மளிகைப் பெட்டி கட்டும் தொண்டில் இருக்கிறேன். திரும்பும்போது எனக்குத் தெரிந்த ஓர் ஏழைக் குடும்பத்துக்கென்று ஒரு பெட்டி எடுத்துக்கொள்வேன். அவர்கள் கூச்ச சுபாவம். அதனால் பெட்டி நம் சமையலறையோடு நின்றுவிடும்.

போன வாரம் அதற்கு வந்தது வேட்டு. புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் கிட்ரிட்ஜ் சின்னப் பையன், கணக்கில் புலி. அவர் வெற்றுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, "தொண்டு செய்யறவங்க பதினாலு பேர். தீர்ந்த பெட்டியும் பதினாலு. வாங்கினவங்க பேரு ஒண்ணுகூட இல்லையே?" என்றார். நாங்கள் பதினாலு பேரும் கூரையைப் பார்த்தோம். நிலக்கரி லாரி ஓட்டிய டாயில், டையைச் சரிசெய்துகொண்டு, "அவங்கள்லாம் ரொம்ப ரோஷக்காரங்க பாஸ்டரய்யா. நாங்களே வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துடறோம்" என்றான். "அப்ப பேரையாவது எழுதுங்க. பேரில்லைன்னா அடுத்த வாரத்துலேருந்து மளிகை லாரி வராது, மேலிடத்து உத்தரவு" என்று பேனாவை நீட்டிவிட்டார். குளிர்காலம் வாசலில் நிற்கிறது ஓபல், லாரி நின்றால் அந்த ஏழைக் குடும்பம் என்ன ஆகும்? ஆனால் நான் யார்? விறுவிறுவென்று போய் முதல் பெயரை எழுதினேன்: ப்ளூ டாக்கெட். ஆமாம், நம் நாய்தான், எங்கள் குடும்பப் பெயரோடு. அவனுக்குச் சம்பாத்தியம் இல்லை, இடுப்பில் வாதம், ஒரு வார்த்தை பொய்யில்லை. எட்டிப் பார்த்த டாயில் உடனே தன் வேட்டை நாய்களை எழுதினான். பாங்கியில் வேலை பார்த்த மேவிஸ் தன் பூனையை விதவை என்று போட்டாள்.

பதிவேடு நிரம்பியது, லாரி பிழைத்தது. நேற்று தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கென்று ஒரு வான்கோழியைத் தூக்கிக்கொண்டு பாஸ்டர் நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். "மிஸ்டர் ப்ளூ இருக்காரா? பட்டியல்ல முதல் ஆள் அவருதானே, நேர்ல பாத்துட்டுப் போலாம்னு." ஹார்லன் விறைப்பாக, "இருக்காரு. கட்டிலுக்கு அடியில தூங்கறாரு" என்றார். பெயரைக் கேட்டதும் அந்தத் துரோகி வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றான். பாஸ்டர் நாயைப் பார்த்தார், அலமாரியில் வரிசையாக இருந்த தேவாலயத்து டப்பாக்களைப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. அவர் வான்கோழியை மேஜைமேல் வைத்துவிட்டு, குனிந்து ப்ளூவுக்குக் கை கொடுத்தார். "எலும்பை மட்டும் இவருக்குப் போடாதீங்கம்மா, தொண்டையில சிக்கும். கறியில கொஞ்சம் குடுங்க. மீதியை உங்களுக்குத் தெரிஞ்ச அந்த ஏழைக் குடும்பத்துக்குச் சேத்துடுங்க." சேர்த்துவிட்டோம். நல்ல ருசி.

ஆகவே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பணம் கிணம் அனுப்பினாயோ, தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கர்த்தர் உன்னையும் உன் முழங்காலையும் காப்பாராக.

உன் அக்கா,
வெர்னா டாக்கெட்

பின்குறிப்பு: உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். செவ்வாய்க்கிழமைகளில் நீயும் உங்கள் தேவாலயத்தில் தொண்டு செய்வதாகவும், திரும்பும்போது ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பெட்டி எடுத்துப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். ஓபல், உன்னிடம் நாய்கூடக் கிடையாதே. பெயர் கேட்டால் என் பெயரை எழுதிக்கொள்.