வால் அசைந்தால் துண்டு

"...அதனால சொல்லிப்புட்டேன். இந்த ஞாயித்துக்கிழமையும் அது பறக்கலன்னா, றெக்கையைக் கழட்டிக் கோழிக்கூட்டுக்குக் கூரையாப் போட்டுருவேன்" என்று லூர்தம்மா முடித்தபோது, அவர் கணவர் ஏரோப்ளேன் சொல்தா பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்சாரத்தை அவரளவுக்குச் சந்தேகப்பட்ட மனிதர் காரைக்காலில் பிறந்ததில்லை. கல்யாண வீட்டில் மைக் செட் ஒயரைத் தொட்டுப் பார்க்காமல் பந்தியில் உட்கார மாட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மற்ற சொல்தாக்கள் சென்ட் பாட்டில் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது ரேடியோவால் ஓட்டும் குட்டி விமானம்.

"சிக்னல் அறுந்துச்சுன்னா அது நம்ம விமானம் இல்லீங்க தம்பி, சிலோன்காரன் விமானம்" என்பார் என்னிடம்.

அதனால் ஞாயிறுதோறும் கடற்கரையில் சோதனை. விமானத்தை ஓட்டும் கைப்பெட்டியின் ஏரியல் கம்பியை உள்ளே தள்ளிவிட்டு, அதிலுள்ள குச்சியை ஆட்டிக்கொண்டே தூரமாக நடப்பார். விமானத்தின் வால் அசைந்தால் நான் துண்டைத் தூக்க வேண்டும். குட்டைக் கம்பிக்கே அசைந்தால், நீட்டியபின் ஆகாயத்தில் பயமில்லை என்பது அவர் கணக்கு. திரும்பி வந்து, "நடுவுல ஒருதரம் தயங்குச்சே" என்று மறுபடி நடப்பார். கடைசியில் பேட்டரி இறங்கிவிடும். விமானத்தைத் துணியில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிப் போவோம். வருஷக்கணக்கில் அது தரையைவிட்டுக் கிளம்பியதே இல்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்த லூர்தம்மா என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டார். சொல்தா பத்தடி வைப்பதற்குள் தூக்கியவர், இறக்கவேயில்லை.

"அசையுதா லூர்து?"

"அசையுது, அசையுது. வந்து பறக்க வுடுங்க."

வேறு வழியில்லை. இன்ஜினைக் கிளப்பினார். நான் தூக்கி வீசினேன். ஏறியது! கடலை வறுத்துக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார். விமானம் அழகாகப் போய்க்கொண்டே இருந்தது, கடலைப் பார்த்து. சொல்தா குச்சியைத் திருப்பினார். அது திரும்பவில்லை.

"போச்சு லூர்து." அவர் முகம் வெளுத்துவிட்டது.

லூர்தம்மா பெட்டியைப் பார்த்தார். "ஏங்க, அந்தக் கம்பிய நீட்டவே இல்லியே நீங்க?"

சொல்தா கம்பியை ஒரே இழுப்பு இழுத்தார். வீட்டு ஞாபகம் வந்ததுபோல விமானம் திரும்பியது. வந்து மணலில் மூக்கைக் குத்தி நின்றது.

சொல்தா ஓடிப்போய் விமானத்தை நிமிர்த்தி வைத்தார். பிறகு மெதுவாக, "எதுக்கும் இன்னொருதரம் சோதிச்சுப்புடலாமா?" என்றார்.

லூர்தம்மா றெக்கையில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தார். துண்டை எடுத்துக்கொண்டு வால் பக்கம் போய் நின்றார்.