கத்தரி வேரில் கடலை முடிச்சு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதுகூடப் பெரிய குறையில்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்ததுதான் குறை.

அப்போது எண்பதுகள். எனக்குப் பதினெட்டு வயது, அப்பா செத்து மூன்று மாதம். கீழ்பென்னாத்தூரில் கிணற்றோரம் அரை ஏக்கர்தான் எங்கள் சொத்து.

"பொட்டப்புள்ள இன்னா பயிர் வெப்பா? குத்தகைக்கு உட்டுடலாம் அண்ணி" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு போகம் பார்ப்போம் என்று அம்மா கெஞ்சித் தவணை வாங்கியிருந்தாள்.

அப்பா எடுத்துவைத்த விதையில் கத்தரி நாற்று விட்டேன். பிடுங்கினால், வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. எங்கள் ஊர் கடலை ஊர். கடலை வேரில் முடிச்சு ஜாஸ்தி என்றால் நல்லது என்பார் அப்பா. கத்தரிக்கும் அதேதான் என்று முடிவுகட்டினேன். (மண்ணுக்குள்ளிருந்து அப்பாதான் அனுப்புகிறார் என்றுகூட நம்பினேன்.)

பெருமை தாங்காமல் சித்தப்பா தோட்டத்துக்கு முப்பது நாற்று கொடுத்தேன். ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்து, திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினேன். விவசாய ஆபீசில் போட்டோ எடுப்பார்கள் என்று நினைப்பு.

ஆபீசர் வேரைத் திருப்பிப் பார்த்தார். "கடலை முடிச்சு நகத்துல கீறுனா உதிர்ந்துடும். இத உதிர்த்துக் காட்டும்மா."

கீறினேன். முடிச்சு உதிரவில்லை, வேரே அறுந்தது.

"இது நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள்ள பூந்து வீங்க வெக்கிது. நாத்தோட, மண்ணோட போற எடமெல்லாம் பரவும். யாருக்காச்சும் குடுத்தியா?"

"சித்தப்பாவுக்கு சார்."

"எத்தினி?"

"நல்ல முடிச்சா பொறுக்கி முப்பது சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

திரும்பி வந்து சித்தப்பா தோட்டத்தில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"இன்னாடி, குடுத்தத நீயே புடுங்கற?"

எல்லாம் சொன்னேன். நிலம் போச்சு என்று, அப்பா செத்த அன்று அழாத அழுகையையும் சேர்த்து அழுதேன். சித்தப்பா ஒரு செடியை எடுத்துக் கீறினார். அவருக்கும் வேர்தான் அறுந்தது.

"நானும் நல்ல முடிச்சுன்னுதான்டி நெனச்சேன்" என்றார்.

முப்பது வருஷம் பயிர் வைத்தவர். அதற்குப் பிறகு குத்தகைப் பேச்சை எடுக்க அவருக்கு வாயில்லை. நாற்றையெல்லாம் இருவருமாகக் கொளுத்தினோம். நூற்புழுவை அடக்கும் என்று ஆபீசர் சொன்னபடி அந்த மண்ணில் செண்டுமல்லி போட்டேன். பூ கோயில் தெருவுக்குப் போனது, நிலம் எங்களிடமே நின்றது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சித்தப்பா சொன்னார்: "பொண்ணு தங்கம். எத குடுத்தாலும் வேரப் பாத்து வாங்கிக்கோங்க."

இன்றும் நான் காபி கொடுத்தால், என் வீட்டுக்காரர் டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.