வைப்பர் போட்டால் இடது பக்கம்

இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வைப்பர் சுவிட்சைப் போட வேண்டும் என்பதைத் தனக்கொடி ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். ஹாரன் அடிக்க ஹெட்லைட் சுவிட்சை இழுக்க வேண்டும். ஹாரனை அமுக்கினால் நான்கு கதவும் பூட்டிக்கொள்ளும். முத்தியால்பேட்டை கலியமூர்த்தி டிரைவிங் ஸ்கூலின் ஒரே காரில் இதுதான் சட்டம்.

"ஏண்ணே இப்படி?" என்று முதல் நாளே கேட்டாள்.

"வண்டி அப்படித்தான். நீ ஓட்டக் கத்துக்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?" என்றார் கலியமூர்த்தி.

"மழை வந்தா வைப்பருக்கு இன்னா பண்றது?"

"மழை வந்தா கிளாஸ் லீவு."

சுனாமிக்கு மறுவருஷம் அவர் வாங்கிய வண்டி அது. முதல் மழைக்காலத்திலேயே இப்படி ஆகிவிட்டது. ரிப்பேருக்கு விடுவதைவிடப் பாடத்தை மாற்றிக்கொள்வது சுலபம் என்று முடிவு செய்துவிட்டார் மனுஷன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. திரும்புகிற பக்கம் விளக்கு ஒழுங்காக மினுக்கும். நாலு வருஷமாக அவரிடம் கற்றவர்கள் இப்படித்தான் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

தனக்கொடிக்கு லைசென்ஸ் விளையாட்டுக் காரியம் இல்லை. குருசுக்குப்பத்துக்காரி. விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து டவுனில் ஏழு ஹோட்டலுக்குப் போடுகிறவள். பன்னிரண்டு வருஷமாக ஆட்டோதான். ஒருநாள் ஸ்டாண்டில் கன்னியப்பன் அவளுடைய கூடைகளை இறக்கி ரோட்டில் வைத்துவிட்டான்.

"சீட்டுல கவிச்சி போவ மாட்டேங்குது. இனிமே மீன் ஏத்தறதில்லன்னு ஸ்டாண்டுல முடிவு பண்ணிட்டோம். நீதான் ஒரு வண்டி வாங்கி ஓட்டிக்கயேன், மகாராணி!"

ஸ்டாண்டே சிரித்தது. தனக்கொடி சிரிக்கவில்லை. அடுத்த மாதமே ஒரு பழைய வேனை வாங்கி வாசலில் நிறுத்தினாள். ஏழு ஹோட்டலுக்கும் நேரில் போய், "வர்ற வெள்ளிக்கிழமையிலேர்ந்து மீன் என் வண்டியில வரும். நானே ஓட்டிக்கினு வருவேன்" என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

டெஸ்ட் வியாழக்கிழமை. அவளுடைய எல்.எல்.ஆர். முடிவதும் அதே வியாழக்கிழமை. அன்றைக்குத் தேறாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, கன்னியப்பனின் சிரிப்பு உட்பட.

திங்கட்கிழமை கலியமூர்த்தி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"புது பிரேக் இன்ஸ்பெக்டர் வந்திருக்காராம் தங்கச்சி. பழையவரு மரத்தடியில நின்னுக்கிட்டு விளக்கு மினுக்குதான்னு பார்ப்பாரு, கையெழுத்துப் போடுவாரு. இவரு வண்டிக்குள்ள ஏறி உக்காந்து நம்ம கையையே பாக்கறாராம். போன வாரம் பத்துல எட்டு பேரு ஃபெயில்."

"அப்ப நான் வைப்பரைப் போட்டா கேப்பாரே?"

"கேப்பாரு."

"வண்டியைச் சரி பண்ணுண்ணே."

"நாலு வருஷமா ஓடற வண்டியில கைய வெக்கச் சொல்றியே…"

"சரி பண்ணு. இல்லன்னா நாளையிலேர்ந்து உன் ஸ்கூல் வாசல்ல மீன் கூடையோட உக்காந்துடுவேன்."

செய்யக்கூடியவள்தான். கலியமூர்த்தி உடனே எலக்ட்ரீஷியன் பிரேம்குமாருக்கு போன் போட்டார்.

பிரேம்குமார் வந்து எல்லா ஃபியூசையும் மாற்றினான். பழைய கோளாறு ஒன்றுகூடப் போகவில்லை. கூடுதலாக, பிரேக்கை மிதித்தால் நான்கு ஜன்னல் கண்ணாடியும் இறங்கின.

"காத்து நல்லா வரும்" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு இரண்டு ஒயரை இடம் மாற்றினான். "இப்ப ஓட்டிப் பாருக்கா" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டான். அஜந்தா சிக்னல் வரை வண்டி சமர்த்தாகத்தான் போனது. சிவப்பு விழுந்து பிரேக் போட்டதும் கண்ணாடிகள் இறங்கின. கூடவே ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. கதவுகளும் பூட்டிக்கொண்டன. பூட்டை இழுத்துவிட்டால் மறுபடி தானே உள்ளே போனது.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். "ஏம்மா, சிவப்பு விழுந்திருக்கு. யாரை வெரட்டறே?"

"நான் அடிக்கல சார். அதுவா அடிக்குது!"

"அதுவா அடிக்குமா? எறங்கு கீழ!"

"எறங்க விடமாட்டேங்குதே!"

கண்ணாடி இறங்கியிருந்ததால் பிழைத்தார்கள். பிரேம்குமாரின் முதல் ரிப்பேருக்கு அதுதான் ஒரே பயன். தனக்கொடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னல் வழியாக ரோட்டில் குதித்தாள். பக்கத்தில் நின்றிருந்த ஆட்டோவில் கன்னியப்பன் இருந்தான். அவன் இல்லாமல் இருந்தால்தானே ஆச்சரியம்.

"மகாராணி ஜன்னல் வழியா எறங்கறாங்கடோய்!"

"எறங்கத் தெரிஞ்சவளுக்கு ஏறவும் தெரியும். பச்சை விழுந்துடுச்சு, நீ கெளம்பு!" என்றாள் தனக்கொடி. உள்ளுக்குள் அழுகையாக வந்தது. அதை அவனுக்குக் காட்டுவதாக இல்லை.

பேட்டரி ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் சத்தம் அடங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ஷெட்டில் விட்டார்கள். பிரேம்குமார் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினான்.

"இதாங்க்கா. பாடி கண்ட்ரோல் மாட்யூல். பாடி போயிடுச்சு."

"டெஸ்டை வெச்சுக்கினு இருக்கேன், பாடி கீடின்னு பேசறியே. வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"வண்டியோட பாடிக்கா! லைட்டு, வைப்பரு, ஹாரன், கதவு எல்லாத்துக்கும் உத்தரவு குடுக்கறது இந்தப் பெட்டிதான். உப்புக் காத்துல உள்ள பச்சை பூத்துப் போயிருக்கு. நீ வைப்பர்னு சொன்னா அது போயி லெஃப்ட் லைட்டுகிட்ட சொல்லுது. புதுசு சென்னையிலேர்ந்து வரணும். மாட்டினப்புறம் கம்ப்யூட்டரை வெச்சு, இதுதான் உன் வண்டி, இதுதான் உன் சாவின்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"அதுக்கு எத்தினி நாளு?"

"அரை மணி நேரம்."

"எனக்கு ரெண்டு மாசமா சொல்லிக் குடுக்கறாரு" என்று தனக்கொடி கலியமூர்த்தியைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"வேணாம் தங்கச்சி. அந்த ரெண்டு ஒயரையும் பழையபடி போட்டுட்டா போதும். பழகின வண்டி."

"கோளாறைப் பழக்கம்னு சொல்லி எத்தினி நாளைக்குண்ணே ஓட்டுவே? மாத்து."

மாட்யூல் புதன்கிழமை சாயந்திரம் பஸ்ஸில் வந்தது. வியாழக்கிழமை காலையில் பிரேம்குமார் அதை மாட்டி, லேப்டாப்பைச் செருகி, அரை மணி நேரம் பாடம் நடத்தினான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். இண்டிகேட்டரைப் போட்டால் இண்டிகேட்டர். ஹாரனை அமுக்கினால் ஹாரன். பிரேக்கை மிதித்தால் கண்ணாடி அசையவில்லை. கலியமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

தனக்கொடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். இடது பக்கம் திரும்புவதாக நினைத்துக்கொண்டு கையை வைத்தாள். காய்ந்த கண்ணாடி மேல் வைப்பர் கர்ர் கர்ரென்று ஓடியது. அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது.

"நல்ல வண்டி எனக்கு ஓட்டத் தெரியாதேண்ணே" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார் கலியமூர்த்தி.

"பிரேமு, பழசையே மாட்டுடா!"

"கழட்டறப்ப பின்னெல்லாம் உடைஞ்சுடுச்சுக்கா."

மைதானம் போய்ச் சேர்வதற்குள் அவள் ஏழு தடவை வைப்பர் போட்டாள். "மாத்து மாத்துன்னு நீதானே நின்னே" என்று கலியமூர்த்தி புலம்பிக்கொண்டே வந்தார். "இன்னிக்கு விட்டுடு. மறுபடி எல்.எல்.ஆர். போட்டு, புதுசா கத்துக்கலாம்."

"நாளைக்கு ஏழு ஹோட்டல் எனக்காகக் காத்துக்கினு இருக்கும். ஓட்டுவேன். ஃபெயில்னா அவரே சொல்லட்டும், நானா போயி சொல்லிக்க மாட்டேன்."

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. ஸ்கூல்காரர்கள் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது புது இன்ஸ்பெக்டரின் உத்தரவு. கலியமூர்த்தி வெளியிலேயே நின்றுவிட்டார். தனக்கொடிக்கு முன்னால் போன ஐந்து பேரில் நான்கு பேர் ஃபெயிலாகித் திரும்பினார்கள்.

இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். முப்பதுகூட ஆகாத முகம், கறுப்புக் கண்ணாடி, மடியில் அட்டை. கண் அவள் கைமேலேயே இருந்தது.

"கெளம்புங்கம்மா."

கிளம்புமுன் கதவைப் பூட்ட வேண்டும். கை தானாகப் போய் ஹாரனை அமுக்கியது. மைதானம் அதிர்ந்தது. மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

இன்ஸ்பெக்டர் தன் பக்கத்துக் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "நீங்க பூட்டிட்டீங்க. பரவால்ல, போங்க" என்றார்.

நக்கல் பண்ணுகிறார் என்று தனக்கொடிக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

ரோட்டுக்கு வந்ததும் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். ஹாரன் அடிக்க அவள் கை ஹெட்லைட்டை இழுத்தது. பட்டப்பகலில் விளக்கு இரண்டு தடவை எரிந்து அணைந்தது. சைக்கிள் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் வெளியே தலையை நீட்டி, கதவைப் படபடவென்று தட்டி, "ஒதுங்குப்பா!" என்று கத்தினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீங்க அடிச்சீங்க. அதுதான் அடிக்கல" என்றார். அட்டையில் ஏதோ எழுதினார்.

"இப்ப லெஃப்ட்ல திரும்புங்க."

யோசித்துத்தான் கையை வைத்தாள். யோசித்து வைத்தும் வைப்பர்தான் ஓடியது.

"நீங்க லெஃப்ட் போட்டுட்டீங்க, சரி. திரும்புங்க" என்றார் அவர்.

தனக்கொடிக்குப் பொறுக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டினாள்.

"சார், ஃபெயில்னா ஃபெயில்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. நக்கல் பண்ணாதீங்க. நான் கத்துக்கிட்டது இப்படித்தான். என் கை தப்பு பண்ணல. மீன் விக்கறவதானேன்னு ஆட்டோக்காரன் சிரிச்சான், பொறுத்துக்கினேன். நீங்களும் சிரிச்சா பொறுத்துக்க மாட்டேன்!"

"நான் சிரிக்கவே இல்லியேம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், நிஜமாகவே திகைத்துப்போய். "பின்னால வண்டி எதுவும் வரல. திரும்புங்க."

திரும்பினாள். போகிறது போகட்டும் என்று அதன்பிறகு யோசிக்காமல், கற்றுக்கொண்டபடியே மிச்ச வழியையும் ஓட்டினாள். ஒரு கல்லில் இடிக்கவில்லை, ஒரு கோட்டைத் தொடவில்லை. மைதானத்துக்குள் வந்து வண்டியை நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் கிழித்து அவளிடம் நீட்டினார். தனக்கொடி படித்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாஸ் என்றுதான் இருந்தது.

அதற்குள் கலியமூர்த்தி சுண்ணாம்புக் கோட்டை மறந்து ஓடி வந்துவிட்டார். "சார், அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல சார்! அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க சார்!"

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க எல்லாம் சரியாத்தான் போட்டாங்க மாஸ்டர். உங்க வண்டியிலதான் என்னமோ கோளாறு. கதவைப் பூட்டினா ஹாரன் அடிக்குது, லெஃப்ட் போட்டா வைப்பர் ஓடுது. நான் உங்ககிட்ட கத்துக்கிட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"