அந்தத் தூளி எனக்காக வாங்கியது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நான் போனில் பேசினால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

நான் வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதகன் என்பது தாங்கள் அறிந்ததே. ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் மனைவியும் சாப்பாடு கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஏரிக்கரைத் தோப்புக்குப் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவது வழக்கம். சாப்பிட்டதும் எனக்குப் படுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தால் என் இடுப்பு மறுபடி எழ ஒப்புவதில்லை; இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். போன மாதம் ஒரு பக்கம் என் மனைவியும் இன்னொரு பக்கம் முன்பின் தெரியாத ஒரு சைக்கிள்காரரும் தூக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள், "இனிமே உங்ககூட வெளியே வந்தா என்னை ஏன்னு கேளுங்க" என்றாள். மரத்துக்கு மரம் கட்டிப் படுப்பார்களே, அந்த ஹேமக் ஒன்று வாங்கிவிட்டால் தரைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று சமாதானம் சொன்னேன். "அது என்ன கண்றாவிப் பேரு, தூளின்னு சொல்லுங்க, புரியும்" என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் வினை தொடங்கியது.

ஒரு கிலோவுக்கு மேல் போனால் தூக்க மாட்டேன் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள், ஏனென்றால் சாப்பாட்டுப் பை, ஃபிளாஸ்க், குடை எல்லாம் என் பங்கு, தூளி அவள் கைப்பையில் அடங்க வேண்டும். கடையில் முதலில் ஒரு கயிற்று வலையைக் காட்டினார்கள். படுத்துப் பார்த்தேன், சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு கண்ணியில் மாட்டிக்கொண்டது, எழுந்தபோது முதுகு முழுக்கக் கட்டம் போட்டிருந்தது. அடுத்தது இரண்டு முனையிலும் மரக்கட்டை வைத்தது. பார்க்க லட்சணம், ஆனால் அதோடு பஸ் ஏறினால் கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டு அதற்கு மட்டும் டிக்கெட் கொடுப்பார். மூன்றாவது பாராசூட் துணி, அரைக் கிலோ, தன் பைக்குள் தானே மடிந்து தேங்காய் அளவாகிவிடுகிறது. மரப்பட்டை அறுபடாமல் இருக்க உள்ளங்கை அகலத்துக்கு நாடா, இரும்புக் கொக்கி, இருநூறு கிலோ தாங்கும் என்று எழுத்தில் உறுதி. அதிலும் ஒற்றை, இரட்டை என்று இரண்டு அகலம். கடைக்காரம்மா, "ரெட்டைன்னா ரெண்டு பேருக்குத்தான்னு இல்ல சார். குறுக்கா படுத்தா முதுகு நேரா இருக்கும், அதுக்கு அகலம் வேணும். கொண்டுபோய்ப் பாருங்க, வேணாம்னா மாத்திக்கலாம்" என்றார். இரட்டையைக் கொண்டுவந்தேன்.

எழுதியிருக்கும் எடையை நம்பிக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு எந்நாளும் கிடையாது. ஆகவே மொட்டைமாடியில் இரண்டு இரும்புத் தூணுக்கு நடுவே கட்டினேன். சோதனையைச் சிறிய எடையில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஐந்து கிலோ அரிசிப் பையை, சிந்தாமல் இருக்கட்டும் என்று என் மனைவியின் பழைய சேலையில் சுற்றிப் படுக்க வைத்து, கொக்கி முனகுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு மெல்ல ஆட்டினேன். "மெதுவா, மெதுவா" என்று அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் துணி காயப்போட மேலே வந்தார் எதிர்வீட்டு அம்மாள். எங்கள் கட்டடத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர், காரணப்பெயர்தான்.

"என்ன சார், தூளியெல்லாம் கட்டியிருக்கீங்க?"

"உறுதி பார்க்கிறேம்மா."

"அப்போ நல்ல சேதிதானா?"

"நல்ல சேதிதான். ரொம்ப நாளா எதிர்பார்த்தது."

"எப்போ சார்?"

"மழைக்காலம் முடியட்டும்னு இருக்கோம்."

அவர் விரல்விட்டு ஏதோ எண்ணினார். நான் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "ஒண்ணா ரெட்டையான்னுதான் இன்னும் தெரியல" என்றேன். அவர் என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துணி வாளியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ரேடியோவின் ஒலிபரப்பு யார் யார் வாய் வழியாகவோ தங்கள் வீடுவரை எட்டிவிட்டது; மறுநாள் காலை சம்பந்தியம்மா போன் செய்தார்கள். "தூளி வாங்கிட்டீங்களாமே" என்று கேட்டார்கள். ஒரு முதியவனின் இடுப்பைப் பற்றி இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்து, "ஆமா சம்பந்தியம்மா, நல்ல உறுதியானது, இருநூறு கிலோ தாங்கும்" என்றேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்கள். "இதுல சொல்ல என்ன இருக்கு, எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே" என்றேன். சம்பந்தி, இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே வேர்க்கிறது.

பிறகு நடந்தது தங்கள் வீட்டில் நடந்தது. சம்பந்தியம்மா என் மகளைக் கட்டிக்கொண்டார்களாம். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். வெட்கம் என்று நினைத்தார்களாம். அது வெட்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் தன் அம்மாவை மட்டும் கூப்பிட்டு, "அப்பாகிட்ட இதை நான் எதிர்பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவள்தான், அப்புறம் நாங்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கல்யாணமாகி நாலு வருஷமாக, "ஏதாவது விசேஷம் உண்டா" என்று அவளைக் கேட்காத ஆள் பாக்கியில்லை. கேட்காத ஒரே ஆள் நான். அப்பனாக நான் அவளுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதையும் கெடுத்துக்கொண்டேன். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையால் தங்களிடம் கேட்பது ஒன்றுதான். சம்பந்தியம்மாவிடம் பக்குவமாக, அவர்கள் மனம் ஒடிந்துபோகாமல், அந்தத் தூளி எனக்காக வாங்கியது, அதில் படுத்தது அரிசி என்று சொல்லிவிடுங்கள். என் மகளிடம் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். நாளைக் காலையே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஏரியும் வேண்டாம், தோப்பும் வேண்டாம், வீட்டுக் கட்டிலே போதும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைவிட மன்னிப்பை முதலில் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதைச் சேர்க்கிறேன். இதை முதலில் படிக்கவும், மேலே உள்ளதைப் படிக்கவே வேண்டாம். நான் மாடியில் தூளியில் வாயைப் பிளந்து தூங்கியபோது என் மனைவி எடுத்த படத்தை இன்று காலை மகளுக்கு அனுப்பியிருக்கிறாள். பத்து நிமிஷத்தில் என் போன் அடித்தது. முதலில் ஒரே சிரிப்பு.

"அப்பா, இது உங்களுக்கா வாங்கினது?"

"ஆமாம்மா. நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடறேன். இனிமே அந்தப் பேச்சே வராது."

"கொடுக்காதீங்க. அவர்தான் உங்ககிட்ட உளறிட்டார்னு நினைச்சுட்டேன்ப்பா. ரெண்டு நாளா அவர்கூடவும் பேசல. பாவம், எதுக்குன்னே தெரியாம மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கார்."

"மாப்பிள்ளை என்னத்தம்மா உளறப்போறார்?"

அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "ஒண்ணா ரெட்டையான்னு இன்னும் தெரியலப்பா. அடுத்த வாரம் ஸ்கேன்."

அத்தையிடம் அவளே சொல்லிக்கொள்வாளாம், அதுவரை நான் யாரிடமும் வாய் திறக்கக் கூடாதாம். நான் வாய் திறக்கவில்லை சம்பந்தி, எழுதத்தான் செய்கிறேன். தாங்களும் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ள வேண்டாம். இரட்டைத் தூளியையே வைத்துக்கொண்டேன். சேதி கேட்ட இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதால் என்னைத் தூக்க ஆளில்லை. ரேடியோவைத்தான் கூப்பிட வேண்டும். என்ன சார் விஷயம் என்று கேட்பார். அரிசி விலை என்று சொல்வதாக இருக்கிறேன்.