நேந்திரம் கம்பெனிக்கு ஒரு கிரெடிட் கார்டு

ஐயா, எல்லாக் குற்றமும் உம்முடையது. நீர் யார், எந்த ஊர், எந்த ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினீர் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் கடன் வாங்காதவனுக்குக் கடன் கிடையாது என்று ஒரு விதியை எழுதிவைத்துவிட்டுப் போன புண்ணியவான் ஒருவர் இருந்தாக வேண்டும். அது நீர்தான். உம்மால் ஒரு வண்டி வாழைக்காய் என் கொட்டகையில் பழுத்து நாறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கேளும்.

கம்பத்தில் எனக்குச் சின்னதாக ஒரு கம்பெனி, மூன்று வண்டி. நேந்திரங்காயை வெட்டிய அன்றே ஏற்றி, குமுளி மலை ஏறி, கோட்டயத்தில் சிப்ஸ் போடுகிற முதலாளியிடம் இறக்க வேண்டும். காய் பழுத்தால் சிப்ஸுக்கு ஆகாது. வழியில் டீசல் போட வேண்டுமென்றால் டிரைவர் வேல்பாண்டி பங்க்கில் ஒட்டியிருக்கிற க்யூஆர் கட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவான். நான் என் போனிலிருந்து பணம் போட வேண்டும். வாழைக்காய் ஏலத்தில் நிற்கும்போது நான் போன் எடுப்பதில்லை. வண்டி பங்க்கிலேயே நிற்கும். கோட்டயத்து முதலாளி கடைசியாகச் சொல்லிவிட்டார்: "ஓணத்துக்கு ஒரு லோடு லேட்டானா, பின்னே நீங்க வேண்டா."

"டிரைவர்மாருக்குக் கம்பெனி கார்டு வாங்கிக் கொடுங்க மாமா. ஊரெல்லாம் அதான் வச்சிருக்காக" என்றான் என் மச்சினன் சுரேஷ்கண்ணன்.

தேனியில் ஒரு வங்கிக்குப் போனேன். கார்டு அதிகாரி பெயர் விஜய்ராஜ். கம்ப்யூட்டரைப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"உங்க கிரெடிட் ஸ்கோர் மைனஸ் ஒண்ணு சார்."

"நான் யாருக்குய்யா பாக்கி?"

"யாருக்குமே இல்ல சார். அதான் பிரச்சினை. வாங்குன கடனை ஒழுங்கா கட்டுவீங்களான்னு எங்களுக்குத் தெரியல."

"நான் வாங்கவே இல்லையேய்யா!"

"அப்ப கட்டுனதும் இல்லையே சார்."

"சின்ன வயசுலேர்ந்து ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்கிறவன்யா நான்!"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பரவாயில்ல சார். நடந்தது நடந்துபோச்சு. இனிமேலாச்சும் திருந்தி, சின்னதா ஒரு கடன் வாங்குங்க."

பிறகு தபாலிலும் தெரிவித்தார்கள். 'தங்களது நாணயம் குறித்த சான்று ஏதும் கிடைக்கப்பெறாமையால், தங்களது விண்ணப்பம் பரிவுடன் நிராகரிக்கப்படுகிறது.' பரிவுடன்!

நாணயஸ்தன் ஆவதற்காகத் தவணையில் ஒரு வாஷிங்மெஷின் வாங்கினேன். என் வீட்டுக்காரி மகாலட்சுமி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏற்கெனவே ஒண்ணு ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

"இது துணிக்கு இல்ல. நாணயத்துக்கு."

"அப்ப இதுல எதைத் துவைக்க?"

"ஒண்ணையும் துவைக்காத. தவணை மட்டும் கட்டுவோம்."

செய்தி பஜாரில் பரவியது. அதுவரை யாரிடமும் கைநீட்டாத யோக்கியர்கள் எல்லாரும் அவசர அவசரமாகக் கடன்பட்டு நல்லவர்கள் ஆனார்கள். கயிற்றுக்கடைக்காரர் ஏசி வாங்கினார். கரண்டு பில்லுக்குப் பயந்து அதைப் போடுவதில்லை. அதற்குக் கீழே மின்விசிறியைச் சுழலவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆடி மாதம் என் ஸ்கோர் மேலே ஏறியது. சுரேஷ்கண்ணன் வழவழப்பான நோட்டீஸ்களை மேசை முழுக்கப் பரப்பினான்.

"மாமா, இந்தக் கார்டுக்கு ஏர்போர்ட்ல சாப்பாடு ஃப்ரீ."

"வேல்பாண்டி வாழைக்காயை பிளேன்லயா கொண்டுபோறான்?"

"இதுக்கு கோல்ஃப் ஃப்ரீ. குச்சியால பந்தைத் தட்டிக் குழியில விடுறது. பெரிய ஆளுகதான் விளையாடுவாக."

"குழிக்கு நம்ம ரோட்டுல என்னடா பஞ்சம்? டீசலுக்கு எதுல கழிவு?"

"அது இந்தச் சாதாக் கார்டு மாமா. கலரே சரியில்ல."

சாதாக் கார்டையே எடுத்தேன். விஜய்ராஜ் எழுந்து நின்று கைகொடுத்தார். "வாழ்த்துகள் சார். உங்களுக்கு லிமிட் மூணு லட்சம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று லட்சமாம்! எடுத்த எடுப்பிலேயே இவ்வளவு விலை சொல்கிறவன் எவ்வளவு துணிந்தவனாக இருக்க வேண்டும்?

நான் தொழில் பழகியது மாட்டுச் சந்தையில். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையைப் பிடித்து விரலாலேயே பேசி முடிப்போம். தோளில் கிடந்த துண்டை விஜய்ராஜ் கைமேல் போட்டேன்.

"சார், என்ன சார் இது?"

"பேசப்படாது. விரல்ல சொல்லுங்க."

அவர் மூன்று விரலையும் விறைத்துக்கொண்டார். ஒன்றை மடக்கினேன். திமிறினார். இன்னொன்றை மடக்கினேன். மிச்சமிருந்ததைப் பாதியில் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன்.

"ஆ!" என்றார்.

"அரை லட்சம். முடிஞ்சது!"

"சார், லிமிட்டுங்கிறது வந்து..."

"துண்டுக்குள்ள பேசுனா பேசுனதுதான். மாத்துனா மனுசனே இல்ல."

அவர் விரலை உதறிக்கொண்டே எழுதினார்: 'வாடிக்கையாளரின் விடாப்பிடியான வேண்டுகோளுக்கிணங்க லிமிட் குறைக்கப்பட்டது.'

பஜாரே கடைக்கு வந்து கைகொடுத்தது. "மூணு சொன்னதை அரைக்கு முடிச்சாராம்ல!" கயிற்றுக்கடைக்காரர் முகம் மட்டும் தொங்கிப்போனது. அவர் விவரம் தெரியாமல் ஐந்துக்குச் சம்மதித்துவிட்டு வந்திருந்தார்.

ஓணம் வந்தது. மூன்று டிரைவர்களும் அந்த ஒரே லிமிட்டில் தேய்த்தார்கள். கார்டுதான் இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் போனை அணைத்துவிட்டு ஏலத்தில் நின்றேன். சாயங்காலம் போனைப் போட்டால் வேல்பாண்டி மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் பங்க்கிலிருந்து அழாக்குறையாகப் பேசினான்.

"மொதலாளி, காலையிலேர்ந்து இங்கனதான் நிக்கிறேன். கார்டுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாக. உங்களக் கூப்புட்டா ஆஃப்ல கெடக்கு. லோடு வெயில்ல காயுது."

உடனே போனிலிருந்து டீசலுக்குப் பணம் போட்டேன். ராத்திரி வண்டி போய்ச் சேர்ந்தபோது கோட்டயத்து முதலாளி மஞ்சள் தட்டிய காயைப் பார்த்ததும் கதவை அடைத்துவிட்டார். மறுநாள் காலையில் விஜய்ராஜுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"லிமிட்டைக் கூட்டுய்யா!"

"ஆறு மாசம் கார்டை நல்லா உபயோகிச்சுக் காட்டணும் சார்."

"உபயோகிக்கத்தான் லிமிட் இல்லையே!"

"அதனாலதான் சார் கூட்ட முடியல."

திரும்பி வந்த காய் கொட்டகையில் பழுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு ராயப்பன்பட்டியிலிருந்து கிருபாவதி என்றொரு பெண் வந்தாள். புதிதாகப் பழக்கடை போட்டிருக்கிறாளாம்.

"அண்ணே, இருபது தார் கொடுங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு கூட்டம் வரும், வித்துட்டுச் சாயந்தரமே பணத்தக் கொடுத்துர்றேன்."

"எந்தக் கடையில பற்றுவரவு வச்சிருக்க? பேரச் சொல்லு, விசாரிக்கிறேன்."

"எங்கயும் இல்லண்ணே. கையில இருந்தா வாங்குவேன். இல்லாட்டி சும்மா இருந்துக்கிருவேன்."

"அப்படின்னா ஆளு எப்படின்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் வெறுங்கையோடு திரும்பிப் போய்விட்டாள். பழத்தில் ஈ மொய்த்தது. மகாலட்சுமி கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"விஜய்ராஜ் சார் லீவுல போனா, நீங்களே போய் அந்த நாற்காலியில உக்காந்துக்கிருங்க" என்றாள்.

ஐயா, இதற்கு மேலும் என்னால் முடியாது. அந்த விதியைக் கிழித்துப் போடும். யார் நல்லவன் என்று கண்டுபிடிக்க வேறு வழி தேடும். நானும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இருபது தாரையும் ஏற்றி அனுப்பத் தயார்தான். ஆனால் முதலில் நீர் அந்த விதியைக் கிழியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அனுப்புவேன்.

பழம் கறுக்கிறது. சீக்கிரம்.