ஓவசியர் வீட்டு வாசலில் உடைந்த வத்தகப்பழம்

கந்தோரில் பேனை பிடிக்கிறவன் எவனுக்கும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது மண்வெட்டி பிடிக்கும் ஆசை வரும். பெரும்பாலானவர்களுக்கு உள்ளங்கையில் முதல் கொப்புளம் வந்ததும் அது போய்விடும். எனக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் மண் அல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வசந்தா.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். (கிளாக்கர் என்றால்தான் சனத்துக்கு விளங்கும்.) பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற எழுபதுகள் அவை. வளவில் ஒரு முழம் இடம் இருந்தாலும் சனம் மரவள்ளி நட்டது. நான் வாடகைக்கு இருந்த சின்ன வீட்டின் பின்வளவு முழுக்க மணல். பக்கத்து வளவில், அரசாங்கக் கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர், சேர்த்த காசையெல்லாம் கொட்டி ஒரு புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தகப்பனுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவரும் மகள்தான் வசந்தா. ஆறு மாதத்தில் அவள் என்னோடு ஒரு சொல்லும் பேசியதில்லை.

வவுனியாவிலிருந்த என் அக்கா முறைப்படி ஓவசியருக்குக் கடிதம் எழுதிச் சம்பந்தம் கேட்டார். புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபூரல் முடிந்த பிறகு முடிவு சொல்வதாகப் பதில் வந்தது. அதற்குள் நான் நட்ட மிளகாயும் கத்தரியும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஓவசியர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு செடியைக் காப்பாத்த ஏலாத பெடியன் ஒரு பொம்பிளையை எப்பிடிக் காப்பாத்துவான்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வத்தகை நட்டேன். (தர்ப்பூசணி என்றும் சொல்வார்கள்.)

விதை தந்தவன் கந்தோரில் அடுத்த கதிரையில் இருந்த றஷீத், மூதூர்க்காரன். "மணலுக்கு வத்தகைதான் மச்சான். எங்கட வாப்பா வருசா வருசம் போடுறார். நீ கெடுக்காம இருந்தாலே காய்க்கும்" என்றான்.

கெடுக்காமல் இருப்பது எனக்கு வராத வித்தை. ஒன்பது குழி வெட்டி, மாட்டெருவும் சாம்பலும் போட்டு விதை ஊன்றினேன். கொடி படர்ந்ததும், பிஞ்சில்லாத பூக்கள் நிறையப் பூத்தன. சோம்பேறிப் பூக்கள் என்று முடிவுகட்டி ஒன்று விடாமல் கிள்ளி எறிந்தேன். றஷீத் தலையில் கை வைத்தான்.

"அடேய், அதெல்லாம் ஆண் பூடா! மாப்பிள்ளமார முழுக்கக் கொன்றுபோட்டு, கலியாணம் நடக்கல்லையெண்டு அழுறியா?"

அடுத்த முறை பூத்தபோது கோழி இறகோடு விடியற்காலையில் கொடிக்குக் கொடி தவழ்ந்து நானே பூக்களுக்குக் கலியாணம் செய்து வைத்தேன். பிஞ்சு பிடித்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் ஒருநாள் காலையில் வந்து ஐந்து கொடிகளைத் தின்றுவிட்டுப் போயின. மிச்சத்தில் மூன்று, நான் அன்பு மிகுதியால் ஊற்றிய தண்ணீரில் அழுகின. தப்பியது ஒரு கொடி, ஒரு காய். நீளமாக, உருண்டு திரண்டு, தூக்கினால் இடுப்புப் பிடிக்கும் பாரம். தினமும் இரண்டு வேளை அதைத் தட்டிப் பார்த்தேன். (பெற்ற பிள்ளையின் முதுகைக்கூட நான் பிற்காலத்தில் அவ்வளவு தட்டவில்லை.)

வெயிலில் அதன் தோல் வெந்து மஞ்சளாகத் தொடங்கியது. சுண்ணாம்பு கரைத்துப் பூசினால் வெயில் சுடாது என்றான் றஷீத். அவன் சொன்னது லேசாக ஒரு பூச்சு. நான் பூசியது மூன்று. பச்சை நிறம் பெயருக்கும் தெரியவில்லை.

என் திட்டம் இதுதான். குடிபூரலுக்கு முதல்நாள் பழத்தைப் பறித்துக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது. மறுநாள் பூசை முடிந்ததும் சபை நடுவில் சுண்ணாம்பைக் கழுவி, "மாமா, இது என்ர வளவில காய்ச்சது" என்று ஓவசியரின் கையில் கொடுப்பது. அந்த "மாமா"வைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பழகினேன்.

புது வீட்டில் பெயின்ற் காயாததால் வாழைக்குலை, தேங்காய், நீற்றுப்பூசணிக்காய் எல்லாவற்றையும் என் குசினியில்தான் இறக்கினார்கள். நீற்றுப்பூசணி, சாம்பல் பூத்த வெள்ளைத் தோல்காரன். அதன் தலையில் கற்பூரம் கொளுத்தி, வீட்டைச் சுற்றி வந்து வாசலில் போட்டு உடைத்தால், வீட்டின் மேல் விழுந்த கண்ணூறு, நாவூறெல்லாம் அதோடு போய்விடும். உடைந்த துண்டைப் பிறகு யாரும் தொடவும் மாட்டார்கள், கடக்கவும் மாட்டார்கள்.

காலையில் ஐயர் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். பூசணிக்காய் எடுக்க நான் குசினிக்குள் ஓடினேன். உள்ளே தேங்காய் எடுக்க வந்த வசந்தா நின்றாள்.

"பூசணிக்காயை அப்பா கேக்கிறார். கெதியா எடுங்கோவன்."

அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை! அதற்குப் பிறகு பூசணிக்காய்க்கும் என் மண்டைக்குமே எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. கைக்கு எட்டிய வெள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஓவசியர் கற்பூரம் எரிய எரிய அதைத் தாங்கியபடி வீட்டை மூன்று முறை சுற்றினார். "நல்ல பாரமான காய்" என்று மூச்சு வாங்கினார். பிறகு தலைக்கு மேல் தூக்கி, வாசலில் ஓங்கிப் போட்டார்.

சிவப்பு! வாசல், மதில், ஓவசியரின் பட்டு வேட்டி, எல்லாம் சிவப்பு.

"ஐயோ, ரத்தம்! பூசணிக்காய் ரத்தம் கக்குது!" என்று அவருடைய மனைவி தலையிலடித்தார். ஐயரின் மந்திரம் பாதியில் நின்றது. இந்த வீட்டுக்குள் இன்றைக்குக் கால் வைக்கலாமா என்று சபையில் குசுகுசுத்தார்கள். ஓவசியர் பட்டு வேட்டியோடு மணலில் குந்திவிட்டார். ஒரு ஆயுசுச் சம்பாத்தியம் கண்முன்னால் பாழாய்ப் போன மனுசனின் முகம் அது. வாயை மூடிக்கொண்டால் என் மானம் தப்பும், வசந்தாவும் கிடைக்கக்கூடும். ஆனால் அந்த மனுசன் அந்த வீட்டில் நிம்மதியாக நித்திரை கொள்ளமாட்டார்.

"ஐயா, அது பூசணிக்காய் இல்லை. என்ர வத்தகப்பழம். மாறி எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

ஓவசியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உம்மட வளவிலயோ? வத்தகையோ? சும்மா ஆறுதலுக்குக் கதை விடாதையும் தம்பி."

இதைவிட ஒரு கேவலம் உண்டா? உண்மையைச் சொன்னாலும் நம்புவதற்கு ஆளில்லை. கோபத்தில் குனிந்து பெரிய துண்டொன்றை எடுத்தேன். மணலை ஊதினேன். எல்லாரும் பார்த்திருக்கக் கடித்துத் தின்றேன். விதையையும் துப்பினேன்.

"நல்ல இனிப்பு" என்றேன்.

நாவூறு கழித்த பொருளைத் தொடுகிறவனையே யாரும் கண்டதில்லை; நான் தின்றுவிட்டு உதட்டையும் துடைக்கிறேன். முதலில் சிரித்தவள் வசந்தா. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓவசியரும் சிரிக்கத் தொடங்கினார். அசல் பூசணிக்காய் வந்து உடைந்தது, பாலும் பொங்கியது. நான் மட்டும் ஒரு மூலையில், கலியாணக் கதை முடிந்தது என்று குந்தியிருந்தேன்.

பின்னேரம் ஓவசியரின் மனைவி தீர்ப்புச் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"எங்கட வீட்டு நாவூறு முழுக்க அந்தப் பெடியன்ர வயித்துக்குள்ள போயிட்டுது. இனி வேற ஆர் அவனுக்குப் பொம்பிளை குடுப்பினம்? நாங்கள்தான் பொறுப்பெடுக்கவேணும்."

அடுத்த தையில் எங்களுக்குக் கலியாணம். அதன்பிறகு எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகினாலும், பஸ் தவறினாலும், சைக்கிளால் விழுந்தாலும், மாமி அனுதாபத்தோடு சொல்லுவார்: "பாவம், எங்கட வீட்டு நாவூறு வேலை செய்யுது."

சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் முதல் அழைப்பு எனக்குத்தான். அண்மையில் என் மகளின் குடிபூரல். பூசைச் சாமான்களைச் சரிபார்த்த ஐயர், "நீற்றுப்பூசணிக்காயைக் காணேல்லையே?" என்று கேட்டார். உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது:

"தேவையில்லை ஐயா. இவர் வந்திருக்கிறார்."