மகேந்திரராஜா மாற்றிய காப்புறுதி

"நோகுது எண்டு கொஞ்சம் முனகும். அதுபோதும்," என்றார் மகேந்திரராஜா.

"காப்புறுதியில இருந்து வாற பிள்ளைக்கு முன்னால முனகச் சொல்லுறியளோ?" என்றாள் மனைவி ஜெயமலர். அவள் நல்ல சேலை உடுத்து, பொட்டும் வைத்துத் தயாராக இருந்தாள்.

எல்லாம் அவர் தேடிக்கொண்ட வினை. ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் அன்னதானத்துக்கு நின்றபோது, வேறொரு சுகாதாரக் காப்புறுதியில் கட்டணம் குறைவென்று யாரோ சொல்லிவிட்டார்கள். பென்சன்காரருக்கு அது போதாதா? உடனே இருவருக்கும் மாற்றிவிட்டார்.

ஜெயமலருக்கு முழங்கால் தேய்ந்து, தடியில்லாமல் நடக்க முடியாது. பழைய காப்புறுதியின் செலவில் வந்த பெண்தான் அவளைக் குளிக்க வைப்பாள். புதியவர்களோ நேரில் பார்த்துத்தான் முடிவு என்றார்கள். அவர்கள் மறுத்தால் கைக்காசு கொடுத்து ஆள் வைக்க வழியில்லை.

பழையதற்கே திரும்பலாமென்று தொலைபேசி எடுத்தார். ஒரு வருடத்துக்கு மாற முடியாது, நேற்றும் இதைத்தானே சொன்னோம் என்றாள் மறுமுனையில் இருந்தவள்.

"நேற்று நான் எடுக்கவேயில்லை. ஆளை மாறிக் கதைக்கிறாள்," என்று கொதித்தார். ஜெயமலர் தொலைபேசியை வாங்கி அதன் இடத்தில் வைத்தாள்.

காப்புறுதி சார்பில் பார்க்க வந்த யூலியா ஹம்மிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். மகேந்திரராஜாவுக்குப் பாதி நிம்மதி. ஆனால் எதைக் கேட்டாலும் ஜெயமலர், சமாளிப்பேன் என்றே சொன்னாள். இவர் இருமினார், கண்ணைக் காட்டினார், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தானே எழுந்துபோய்த் தேநீருக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, அவள் படும் பாட்டை விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தீய்ந்த மணம் வந்தது. ஜெயமலர் தடியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். மகேந்திரராஜாவுக்கு உயிரே போய்விட்டது. இத்தனை நேரம் சொன்னதெல்லாம் வீண்.

சுவரைப் பிடித்துப் பிடித்து, முகம் வெளிறித் திரும்பி வந்தாள்.

"ஆக்கள் வந்திருக்கேக்க நீர் ஏன் பாலை அடுப்பில வைச்சனீர்?" என்று அவளைக் கடிந்துகொண்டார்.

ஜெயமலர் தலையைக் குனிந்துகொண்டாள். யூலியா குறிப்பெழுதிக்கொண்டிருந்த மடிக்கணினியை மூடிவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"உங்கட உதவி நிக்காது அன்ரி, நீங்கள் சுவரைப் பிடிச்சு வந்ததைப் பாத்தனான். அங்கிளுக்கும் இதேபோல உதவிக்கு ஒரு விண்ணப்பம் போடுவம். பாலை வைச்சது அவர்தானே."